ரோட்டோருவாவைக் கடைசியிலிருந்து நடந்து பாருங்கள்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் இருக்கிற ரோட்டோருவாவுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கொதிக்கிற சேறு, பீறிட்டடிக்கும் வெந்நீர், ஆட்டு ரோமம் கத்தரிக்கிற காட்சி என்று டிக்கெட் வாங்கிய இடங்களை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குள் நடப்பதில்லை. நடந்தால்தான் தெரியும், அந்த ஊரின் கட்டடங்களே ஒரு பெரிய சண்டையின் மிச்சம் என்று. யார் நிலம், யார் வெந்நீர், யார் வருமானம் என்பதெல்லாம் மரத்திலும் காரையிலும் எழுதி வைத்திருக்கிறது. வழிகாட்டி யாரும் வேண்டாம், நல்ல செருப்பு போதும்.

பொதுவாகக் கையில் கிடைக்கும் வரைபடங்கள் ஃபென்டன் தெருவில் தொடங்கி, அரசுப் பூங்காவில் படம் எடுக்க வைத்து, நேரம் மிச்சமிருந்தால் ஒஹினெமுத்து என்ற, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கிராமத்தையும் எட்டிப் பார்க்கச் சொல்லும். என் யோசனை, அதை அப்படியே தலைகீழாக்குங்கள். ஒஹினெமுத்துவில் தொடங்குங்கள். ஏனென்றால் ஊர் தொடங்கியது அங்கேதான். மற்றதெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வரிசையில் நடந்தால், பூங்காவுக்குள் நிற்கிற பிரம்மாண்டமான ஆங்கிலேய மாளிகையைப் பார்க்கும்போது "ஆஹா" என்பதற்கு முன்னால் "இது எப்படி இங்கே வந்தது?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும்.

ஒஹினெமுத்து ரோட்டோருவா ஏரியின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. டெ அரவா என்ற மாவோரிக் குலத்தில் ஒரு பிரிவான ங்காட்டி ஃபகாவே வம்சத்தாரின் ஊர். ஏரியே ஒரு பழைய எரிமலை உள்ளே சரிந்து விழுந்ததால் உண்டான பள்ளம், சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது. அடியில் சூடு இன்னும் ஆறவில்லை. தெருவோரச் சாக்கடை மூடியிலிருந்து இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே ஒரு வீட்டின் துணி காய்ந்துகொண்டிருக்கும். வேலிக்குள்ளே கொதிக்கிற குட்டை, அதை ஒட்டிப் பெட்டி மாதிரி கட்டிய ஆவி அடுப்பு, குளிக்க சிமென்ட் தொட்டி. இதெல்லாம் காட்சிக்கு வைத்ததல்ல, வீட்டுச் சாமான். தனியார் வீடுகள் என்பதால் கேமராவைக் கண்ட பக்கம் திருப்பாமல் இருப்பது மரியாதை.

கூட வந்த நண்பன் இங்கேயே சில வருடம் வேலை பார்த்தவன். காரை விட்டு இறங்கியதும் நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்து, "அரை மணி நேரம் பொறுடா, பழகிடும்" என்றான். கந்தக வாடை. ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்த வாயுவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஊர்க் கட்டடக்கலையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கிராமத்தின் நடுவில் தமதெகபுவா என்ற கூடல் மாளிகை. பசிபிக் தீவுகளிலிருந்து டெ அரவா என்ற தோணியைச் செலுத்திக்கொண்டு வந்த தலைவனின் பெயர் அது. 1873இல் திறக்கப்பட்டது, பிறகு புதுப்பித்துக் கட்டி 1943இல் மறுபடி திறந்தார்கள், பழைய சிற்பங்களில் பலவற்றை அப்படியே எடுத்து வைத்து. அழைப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. வெளியிலிருந்து பார்த்தாலே நிறைய இருக்கிறது. மாவோரிக் கூடல் மாளிகை என்பது ஒரு முன்னோரின் உடம்பு. கூரை முகட்டின் உச்சியில் செதுக்கியிருக்கும் முகம் அவருடையது. அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் பலகைகள் அவர் விரித்த கைகள், நுனியில் விரல்கள்கூட இருக்கும். உள்ளே நீளமாக ஓடும் முகட்டு உத்தரம் முதுகெலும்பு, அதிலிருந்து இறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள். சுவரோரம் நிற்கும் செதுக்குத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரு மூதாதை. கூட்டம், துக்கம், கல்யாணம் எல்லாம் அந்த உடம்புக்குள்தான். கட்டடத்தை மனித உடம்பாகப் பார்ப்பது நம் கோயில் மரபிலும் உண்டென்பதால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது, ஆனால் இங்கே அது தத்துவமாக இல்லாமல், பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு தாத்தாவாக நிற்கிறது.

அதே வெளியில், செதுக்கிய கூரையின் கீழே விக்டோரியா மகாராணியின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. மகாராணியின் மகன் ஆல்ஃப்ரெட் 1870இல் வந்துபோனதை ஒட்டி டெ அரவா மக்களுக்குக் கொடுத்தது. அரசுக்கும் மாவோரிகளில் பலருக்கும் 1860களில் நடந்த போர்களில் டெ அரவா பெரும்பாலும் அரசு பக்கம் நின்றவர்கள். ராணியம்மாவுக்கு மாவோரித் தச்சர்கள் நிழல் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பதிலுக்கு ராணியின் அரசாங்கம் என்ன செய்தது என்பதற்கு இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

அதற்கு முன்னால் எதிரே இருக்கிற செயின்ட் ஃபெய்த்ஸ் தேவாலயம். இந்த ஊரில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்கே கொடுங்கள். வெளியே பார்த்தால் இங்கிலாந்து கிராமத்திலிருந்து தூக்கி வந்ததுபோல, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் பதித்த டியூடர் பாணி. 1885இல் கட்டிய பழைய தேவாலயத்தின் இடத்துக்கு 1914 வாக்கில் வந்தது. கதவைத் தாண்டினால் இங்கிலாந்து காணாமல் போய்விடுகிறது. சுவர் முழுக்கப் பெண்கள் பின்னிய நார்த் தட்டிகள், படிப்படியாக ஏறும் கோலங்களோடு. பிரசங்க மேடையைச் செதுக்கிய உருவங்கள் தாங்குகின்றன, கைமரங்களில் சுருள் சுருளாகச் சித்திரம். 1960களில் ஏரிப் பக்கமாக நீட்டிக் கட்டிய சிறு கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அதில் இயேசுவைப் பொறித்திருக்கிறார்கள், மாவோரித் தலைவர்கள் அணியும் மேலங்கியோடு. கண்ணாடிக்குப் பின்னால் நிஜமான ரோட்டோருவா ஏரி. பெஞ்சில் சரியான இடத்தில் உட்கார்ந்தால் அவர் தண்ணீர் மேல் நடந்து வருகிறார். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான், எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

பின்பக்கம் கல்லறைகள். எல்லாம் தரைக்கு மேலே, வெள்ளைப் பெட்டிகளாக. தோண்டினால் சூடு, ஆவி. அதனால் இறந்தவர்களைத் தரைமட்டத்துக்கு மேலேயே வைத்து சிமென்டால் மூடுகிறார்கள். தேவாலயத்திலும் கல்லறையிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், தரை என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஏரியைக்கூட ஜன்னலுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து மேற்கே குய்ராவ் பூங்கா பக்கத்தில்தான். இலவசம். பலகை நடைபாதை, கொதிக்கும் குட்டைகள், கால் நனைத்து உட்கார வெந்நீர்த் தொட்டி. 2001 ஜனவரியில் இங்கே ஒரு குட்டை வெடித்துச் சேற்றையும் கல்லையும் வானத்துக்கு எறிந்தது. வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். கட்டடம் எதுவும் இல்லை என்றாலும் பத்து நிமிடம் கால் நனைப்பது நடையின் அங்கம்தான்.

சரி, இப்போது ஊருக்குள். தெருக்கள் நேர்கோடாக, அகலமாக, சதுரங்கக் கட்டம்போல் வெட்டுகின்றன என்பதைக் கவனியுங்கள். கிராமத்தின் வளைசல் சந்துகளிலிருந்து வந்தவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். 1880 நவம்பரில் நிலநீதிமன்றத் தலைமை நீதிபதி ஃபென்டனுக்கும் இந்த மக்களுக்கும் ஒரு ஒப்பந்தம் நடந்தது. நிலம் மாவோரிகளுடையதாகவே இருக்கும், அரசு அவர்கள் சார்பில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, வாடகையை அவர்களிடம் சேர்க்கும், பொதுமக்களுக்கான பூங்கா, ஆஸ்பத்திரி போன்றவற்றுக்கு அவர்கள் நிலம் விடுவார்கள். அந்தக் காலத்தை வைத்துப் பார்த்தால் மோசமான ஏற்பாடில்லை. ஆனால் குத்தகையை ஏலத்தில் எடுத்தவர்கள் பணம் கட்டவில்லை. 1886 ஜூன் 10ஆம் தேதி டாராவெரா எரிமலை வெடித்தது, சுமார் 120 பேர் செத்துப்போனார்கள், உலகம் முழுக்கப் பயணிகளை இழுத்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகள் மறைந்தன. சில ஆண்டுகளுக்குள் நகர நிலத்தை அரசே வாங்கிக்கொண்டது. குத்தகைக்குக் கொடுத்த நிலம் கை நழுவிப் போன கதை உலகத்தில் எங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மிஞ்சியது பெயர்கள். புகுவாடுவா, ஹவுபாபா, எருவேரா, அமோஹாவ் என்று தெருக்களுக்குத் தலைவர்களின், முன்னோர்களின் பெயர்கள். ஊரைக் குறுக்கே வெட்டும் பெரிய தெருவுக்கு மட்டும் ஃபென்டன் பெயர். ஹினேமோவா தெருவும் டுடானேகாய் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு நிமிடம் நிற்கலாம். அந்த இருவரும் இந்த ஏரியின் புகழ்பெற்ற காதலர்கள். உறவினர்கள் படகுகளைக் கரையில் தூரமாக இழுத்து வைத்ததால், புல்லாங்குழல் ஒலியைப் பிடித்துக்கொண்டு, சுரைக்குடுக்கைகளை மிதவையாகக் கட்டி, ஏரி நடுவிலிருக்கும் மொகோயா தீவுக்கு நீந்திப் போனவள் ஹினேமோவா. தெரு போட்டவர்களில் யாரோ ஒருவருக்கு ரசனை இருந்திருக்கிறது, அல்லது அது தற்செயல். டுடானேகாய் தெருவின் ஏரிப்பக்கக் கோடியில் உணவகங்கள் வரிசையாக இருக்கும் பகுதிக்கு மேலே திறந்து மூடும் கூரையும், தரைக்கு அடியில் பூமிச் சூட்டால் வெதுவெதுப்பாகும் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். புதுக் கட்டுமானங்களில் எனக்குப் பிடித்தது இதுதான், கிராமத்தார் நூற்றாண்டுகளாகச் செய்வதை நகரசபை தாமதமாகக் கற்றுக்கொண்டதுபோல இருக்கிறது.

ஹவுபாபா தெரு முனையில் 1940இல் கட்டிய பழைய போலீஸ் நிலையம். இப்போது மதுக்கடை. செங்கல்லில் அடக்கமான அரசுக் கட்டடம், ஆனால் வாசலைச் சுற்றி மாவோரி வடிவங்கள் எட்டிப் பார்க்கின்றன. அதே காலத்து நகராட்சிக் கட்டடம் கொஞ்ச தூரத்தில், ஸ்பானிஷ் மிஷன் பாணியில். உள்ளே இருக்கும் அரங்குக்கு இந்த ஊரின் புகழ்பெற்ற பாடகர் சர் ஹோவர்ட் மாரிசனின் பெயர். ஃபென்டன் தெருவில் 1914இல் கட்டிய பழைய தபால் நிலையம், மறுபடி டியூடர் மரச்சட்டம். நீண்ட காலம் சுற்றுலாத் தகவல் மையமாக இருந்தது. இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், ஊரில் தெருவுக்கொரு பாணி. ஆங்கிலேய டியூடர், கலிபோர்னியா வழியாக வந்த ஸ்பானிஷ், எல்லாம் எங்கோ பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவந்த சட்டைகள். இதற்குக் காரணம் இருக்கிறது. 1901இல் நியூசிலாந்து அரசு சுற்றுலாவுக்கென்றே ஒரு துறையைத் தொடங்கியது, உலகத்தில் எந்த அரசும் அதற்குமுன் செய்யாதது. ரோட்டோருவா அதன் கண்காட்சிச் சாளரம். ஐரோப்பிய மருத்துவக் குளியல் ஊர்களுக்குப் போட்டியாக இதை நிறுத்த வேண்டும், கப்பலேறி வரும் பணக்கார நோயாளிக்கு வீட்டு ஞாபகம் வர வேண்டும். அதற்குத்தான் இந்த வேஷமெல்லாம்.

பூங்காவின் வாசலில் இளவரசர் வளைவு. 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரும் மனைவியும் வந்தபோது மரத்தில் கட்டியது, மேலே கிரீடம்போல வளைந்திருக்கும். முதலில் வேறு இடத்தில் நின்றது, அப்புறம் இங்கே கொண்டு வந்து நட்டார்கள். எதிரே இருக்கும் மர மாடி ஹோட்டல் இன்னும் வேடிக்கை. 1897இல் வைஹி என்ற தங்கச் சுரங்க ஊரில் கட்டியது. அந்த வட்டாரத்தில் மதுவிலக்கு வந்துவிட்டது, மதுவில்லாத ஹோட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1917இல் பிரித்தெடுத்து ரோட்டோருவாவுக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டிவிட்டார்கள். மரக்கட்டடம் என்றால் இப்படி ஒரு வசதி.

அரசுப் பூங்காவுக்குள் போனதும் வெள்ளை உடுப்பில் வயதானவர்கள் புல்வெளியில் பந்து உருட்டிக்கொண்டிருப்பார்கள், பின்னணியில் செம்மண் நிறக் கூரைகளும் கூம்புகளும் கறுப்பு மரச்சட்டங்களுமாகக் குளியல் மாளிகை. 1908இல் திறந்தது. இங்கிலாந்திலிருந்து 1902இல் வந்த டாக்டர் ஆர்தர் வோல்மான் அரசின் குளியல் மருத்துவ நிபுணர், அவருடைய கனவு இது. ஒரு பக்கச் சிறகு ஆண்களுக்கு, மறுபக்கம் பெண்களுக்கு. சேற்றுக் குளியல், மின்சாரம் பாய்ச்சிய குளியல், பீய்ச்சி அடிக்கும் குளியல் எல்லாம். தண்ணீர் இரண்டு வகை. ஒன்று அமிலத் தண்ணீர், பாதிரியார் ஊற்று. 1878இல் டவுராங்காவிலிருந்து வந்த மஹோனி என்ற கத்தோலிக்கப் பாதிரியாருக்கு இதில் குளித்து முடக்குவாதம் தீர்ந்ததாம். இன்னொன்று காரத்தன்மையுள்ள தண்ணீர், தோலை வழவழப்பாக்கும், பெயர் ரேச்சல். லண்டனில் அழகு மருந்து விற்று மோசடிக்காக ஜெயிலுக்குப் போன மேடம் ரேச்சலின் பெயர். இரண்டுக்கும் மாவோரிகள் வைத்த பெயர்கள் இருந்தன, வரிசையில் பாதிரியாரும் மோசடிக்காரியும் முந்திக்கொண்டார்கள்.

பார்க்க எவ்வளவு அழகோ, அவ்வளவு தொல்லை கொடுத்த கட்டடம். திறந்த கொஞ்ச நாளிலேயே குழாய்கள் அரிக்கத் தொடங்கின. நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன வாயுவின் வேலை. ஹைட்ரஜன் சல்ஃபைடு உலோகத்தைத் தின்னும், பழைய ஈய வண்ணப்பூச்சைக் கறுப்பாக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் காரையையும் விடாது. அமிலத் தண்ணீர் உள்ளே, வாயு வெளியே. பல பத்தாண்டுகள் பழுது பார்த்தே ஓட்டி, கடைசியில் குளியல் வியாபாரம் படுத்துப்போய் 1960களில் நகரசபை கைக்கு வந்து, அருங்காட்சியகமாகவும் கலைக்கூடமாகவும் மாறியது. பணம் போதாமல் விட்ட பகுதியை ஒரு நூற்றாண்டு கழித்து 2011இல்தான் முடித்தார்கள். 2016 நவம்பரில் தெற்குத் தீவில் கைகோரா நிலநடுக்கம், 7.8 அளவு. அதையொட்டிச் சோதித்துப் பார்த்ததில் வலிமை போதாது என்று மூடினார்கள். அந்த நாட்டில் அப்போதிருந்த விதிப்படி, புதுக் கட்டடத்திடம் எதிர்பார்க்கிற வலிமையில் 34 விழுக்காடுகூட இல்லையென்றால் அது நிலநடுக்க ஆபத்துக் கட்டடம். நான் பார்த்தபோது வேலி அடைத்திருந்தது. வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கிற கூட்டத்துக்குக் குறைவில்லை.

பக்கத்திலேயே நீலக் குளியல். 1933, ஸ்பானிஷ் மிஷன் பாணி, அரசுக் கட்டடக்கலைஞர் ஜான் மேர் வரைந்தது. இங்கே நோயாளிகள் கிடையாது, ஜாலிக்கு நீந்த வந்தவர்கள்தான், ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில். அந்தக் காலத்துக்கு அது புதுமை. வளைவுகளும் வெளிறிய சுவர்களுமாக, வோல்மான் மாளிகையைவிட எனக்கு இதன் அளவு பிடிக்கும், பார்ப்பவனை மிரட்டாது. 1982இல் மூடி, 1999இல் திறந்து, 2021இல் நிலநடுக்கப் பாதுகாப்புக் காரணத்துக்காக மறுபடி மூடினார்கள்.

ஆக அரசு செலவழித்துக் கட்டிய இரண்டு பெரிய அலங்காரங்களும் பூட்டிக் கிடக்க, 1873இல் பிறந்த தமதெகபுவாவில் இன்னும் கூட்டம் கூடுகிறது. மாவோரிக் கட்டடம் உறுதி, ஆங்கிலேயக் கட்டடம் சொத்தை என்று நான் சொல்ல வரவில்லை, தமதெகபுவாவையும் புதுப்பித்துத்தான் கட்டினார்கள். ஆனால் ஒன்று பயணிகளை நம்பி நின்றது, இன்னொன்று சொந்தக்காரர்களை நம்பி நிற்கிறது. பழுது வந்தால் கைவிடாத ஆட்கள் யாருக்கு இருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பூங்காவில் இன்னும் ஒன்று, அரவா போர் நினைவுச்சின்னம். 1927இல் திறந்தது. அடியில் டெ அரவாவின் வரலாற்றைக் கல்லில் செதுக்கி, உச்சியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை நிறுத்தியிருக்கிறார்கள். கிராமத்தில் ராணிக்கு நிழல் கட்டியவர்கள் இங்கே மன்னருக்குப் பீடமாகியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதற்காகத்தான் இந்த வரிசையில் நடக்கச் சொன்னேன்.

காலில் இன்னும் பலம் இருந்தால், இல்லையென்றால் பஸ்ஸோ காரோ பிடித்து, ஃபென்டன் தெருவின் தெற்குக் கோடியில் இருக்கும் ஃபகரெவரெவாவுக்குப் போங்கள். டாராவெரா வெடிப்பில் வீடிழந்த டுஹோரங்கி மக்களில் பலர் குடியேறிய இடம், இன்றும் மக்கள் வாழும் கிராமம். நுழைவுக் கட்டணம் உண்டு. பக்கத்துப் பள்ளத்தாக்கில் 30 மீட்டர்வரை எழும்பும் போஹுட்டு வெந்நீர்ப் பீச்சு. 1980களில் ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு போட்டுச் சூட்டை உறிஞ்சியதில் இந்த ஊற்றுகள் வாடத் தொடங்கின. போஹுட்டுவைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளையெல்லாம் அரசு மூட வைத்தது, பலத்த எதிர்ப்புக்கு நடுவே. ஊற்றுகள் திரும்ப எழுந்தன.

எரிமலைக்கு முன் இம்மக்கள் இருந்த டெ வைரோவாவில் ஹினெமிஹி என்று ஒரு கூடல் மாளிகை இருந்தது. வெடித்த இரவில் அதற்குள் ஒண்டியவர்கள் பிழைத்தார்கள். 1892இல் ஊரை விட்டுக் கிளம்பிய ஆளுநர் ஆன்ஸ்லோ அதை விலைக்கு வாங்கி, இங்கிலாந்தில் சர்ரேயிலிருக்கும் தன் கிளாண்டன் பண்ணைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். செதுக்கல்களைத் திருப்பித் தர 2019இல் கொள்கையளவில் ஒப்புக்கொண்டார்கள். ரோட்டோருவாக் கட்டடங்களின் பட்டியல் எதிலும் ஹினெமிஹி வராது, என் பட்டியலில் உண்டு.

நடைமுறை விஷயம் சில. ஒஹினெமுத்துவிலிருந்து பூங்காவரை ஏரிக்கரையோரமாகவே நடந்துவிடலாம், நின்று நிதானமாகப் பார்த்தால் அரைநாள் ஆகும். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் வழிபாடு நடக்கும், சுற்றிப்பார்க்க வேறு நேரம் பாருங்கள். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மோதிரம், கொலுசு இருந்தால் கழற்றிப் பையில் வைத்து இறுக மூடிவிடுங்கள், குறிப்பாக வெந்நீர்க் குளத்தில் இறங்கும் முன். இல்லையென்றால் கறுத்துப்போன கொலுசைத் தேய்ப்பதற்கு வீட்டுக்கு வந்து பல்பொடி தேட வேண்டியிருக்கும்.